கால் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் கிடைத்தது. என் சிநேகிதர் ஆண்டிச்சாமியின் மகள் யுவராணி, கல்லூரி மாணவி, மடியில் சீனி மிட்டாய்ப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"யாருக்கும்மா?"

"டாக்டரம்மாவுக்கு, சித்தப்பா. என் காலு எப்படி இருக்குன்னு கேட்டாகல்ல, அதுக்கு."

ஒரு கேள்விக்கு ஒரு கிலோ மிட்டாயா! இறங்குவதற்குள் முழுக் கதையையும் வாங்கிவிட்டேன். எனக்கும் ஒரு மிட்டாய் கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: "மூச்சு முட்டியது. யுவராணியின் கண் இருண்டது. கரிசல் காட்டில் வளர்ந்த பேதைப் பெண்ணுக்கு இமயமலை ஒரு—"

(விட்டுவிட்டேன். அவள் கண் இருளவே இல்லை. பேதையுமில்லை.)

நடந்தது இதுதான். கல்லூரியின் மலையேற்றக் குழுவுக்கு யுவராணியும், அவளோடு இரட்டையாகப் பிறந்த அண்ணன் அழகுராஜாவும் பெயர் கொடுத்தார்கள். மழையையே அண்ணாந்து தேடும் ஊரில் பிறந்தவளுக்குப் பனியைக் கையால் தொட்டுப் பார்க்கச் சின்ன வயதிலிருந்தே ஆசை. போகுமுன் ஒரு சோதனை. ஆக்ஸிஜன் குறைந்த காற்று வரும் முகமூடியை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க வேண்டும். தேறினால் மலை, இல்லாவிட்டால் வீடு.

அழகுராஜா அலட்டிக்கொள்ளாமல் மிதித்தான். கால் கடுத்ததும் இறங்கினான், தேறினான். யுவராணிக்கு மூன்றாம் நிமிடமே மூச்சு வேகமெடுத்தது. உதவியாளர் கையிலிருந்த தாளில் மூச்சு எண்ணிக்கைக்கு ஒரு கோடு போட்டிருந்தது. அதை அவள் தாண்டிவிட்டாள்.

"போதும்மா, எறங்கு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முகமூடிக்குள் பேச வழியில்லை.

சோதனையை நடத்திய டாக்டர் கிருஷ்ணப்ரியா தாளை வாங்கிப் பார்த்தார். "இந்தக் கோடு எப்படி வந்துச்சு?"

பையன்களை மட்டும் அளந்து போட்ட கோடு அது. பெண்களுக்கென்று அதில் கொஞ்சம் கழித்திருந்தார்கள்.* டாக்டர் திரையில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை. குனிந்து கேட்டார்.

"காலு எப்படிம்மா இருக்கு?"

யுவராணி கட்டைவிரலை உயர்த்தினாள். அண்ணன் இறங்கிய நிமிடத்தையும் தாண்டி மிதித்துக்கொண்டே இருந்தாள்.

(* மாதாமாதம் மாறும் உடம்பு, கணக்கு குழம்பும் என்று பெண்களை ஒதுக்கிவிட்டு நடந்த சோதனைகள் ஏராளம். காற்று மெலிந்த இடத்தில், மூச்சுவிடுவதற்கே பெண் உடம்பு கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கலாம். ஆனால் கால் தசை தாமதமாகச் சோர்வதாகச் சில சோதனைகள் சொல்கின்றன. எல்லாப் பெண்ணுக்கும் இதுவே சட்டம் என்று யாரும் புதுக் கோடு போட வேண்டாம்.)

3

எழுதியதை யுவராணிக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் மேலே படித்தது திருத்திய பிரதி. அன்று வாசித்ததில் அழகுராஜா மயங்கி விழுந்தான், அவள் டாக்டரைக் கும்பிட்டு அழுதாள்.

"அவன ஏன் சித்தப்பா விழ வைக்கிறீக? நல்லாத்தான மிதிச்சான். அவன் ஒடம்பு அவனுக்கு, என் ஒடம்பு எனக்கு. அப்பறம், நான் எங்க அழுதேன்? கோவமுல்ல வந்துச்சு!"

எனக்குச் சுருக்கென்றது. நான் யுவராணியை எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? ஒரு பையனை எடுத்து, அவனிடமிருந்து கொஞ்சம் தைரியத்தையும் முழுக் கோபத்தையும் கழித்திருந்தேன். அந்தத் தாள் செய்ததையே நானும் செய்திருக்கிறேன். இத்தனை வருஷம் எழுதியும் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. சொன்ன பிள்ளைக்கு மனசார நன்றி.

4

மிட்டாயில் பாதியை, "மலையில வச்சுத் தின்னு" என்று டாக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இப்போது யுவராணி மலையில் இருக்கிறாள். ஐந்து நாளாக போன் கிடைக்கவில்லை. ஆண்டிச்சாமி போனைக் கீழே வைப்பதேயில்லை.

முடிவு ஒன்று: உச்சியில் நின்று அவள்—
முடிவு இரண்டு: பாதி வழியில் திரும்பிய அவளை அண்ணன்—

(இரண்டையும் அடித்துவிட்டேன். அவளைக் கேட்காமல் இனி எழுதுவதாக இல்லை.)

திருச்சுழி பஸ்ஸில், பனிமலை வெயிலில் தோலுரிந்த மூக்கோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், உச்சி வரைக்கும் போனாயா என்று கேட்காதீர்கள். கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே, ஒன்றும் கழிக்காமல், இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: