சிங்கராசாவின் நாடி

தாழ்வுபாட்டுச் சிங்கராசாவின் நாடி நிமிடத்துக்கு ஐம்பத்து நான்கு முறை அடிக்கும். மன்னார் நகரின் பின்தெரு ஒன்றில் இயங்கிய முதியோர் பராமரிப்புப் பயிற்சி நிலையத்தில் இதை அறியாதவர் எவருமில்லை. பயிற்சிக்கென்று கொழும்பிலிருந்து வருவதாயிருந்த பிளாஸ்ரிக் பொம்மை கடைசிவரை வந்து சேரவில்லை. அதன் இடத்துக்கு வந்தவர்தான் சிங்கராசா. வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடி, ஒரு காதின் சவ்வைக் கடலுக்குக் கொடுத்தவர். காலை ஒன்பது மணியளவில் வந்து, யன்னலோரக் கதிரையில் சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அமர்வார். ஏழு பெண்கள் முறைவைத்து அவருடைய மணிக்கட்டைப் பிடிப்பார்கள், புயத்தில் இரத்த அழுத்தப் பட்டியைச் சுற்றிக் காற்றடிப்பார்கள், அக்குளில் வெப்பமானியைச் செருகுவார்கள். மதியமானதும் ஒரு சோற்றுப் பார்சலோடு சைக்கிளில் வீடு திரும்புவார்.

முதல் வாரத்தில் ஏழு பேரும் எழுபத்திரண்டு என்றே எழுதினார்கள். கையேட்டில் அப்படித்தான் இருந்தது. ஐம்பத்து நான்கு என்று எண்ணியவர்கள் தாங்கள்தான் பிழையாக எண்ணிவிட்டோம் என்று நம்பினார்கள். ஓய்வுபெற்ற ஆண் தாதியும் பயிற்றுநருமான அமிர்தநாயகம் சேர் அந்தத் தாள்களை அவர்கள் கண்முன்னாலேயே கிழித்தார். மூச்சை அடக்கிப் பிழைத்த மனிதனின் இதயம் குறைவாக அடிக்கும், ஆனால் ஆழமாக அடிக்கும் என்று விளக்கினார். அதன்பிறகு நிலைமை தலைகீழாயிற்று. எவரும் எண்ணுவதில்லை. நாடி ஐம்பத்து நான்கு, மூச்சு பன்னிரண்டு, அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது, சூடு தொண்ணூற்றெட்டு. செபம் போல அநேகமாக எல்லோருக்கும் மனப்பாடம்.

பொம்மைக்குப் பதிலாக வந்தவர் என்பதால் 'பொம்மை அண்ணை' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. செத்தாலும் இந்தாள் இரண்டு நாளைக்கு ஐம்பத்து நாலு அடிப்பார் என்று ஏழு பேரில் ஒருத்தியான அன்ரோனெற் ஒருநாள் பகிடி விட்டாள். கேட்கும் காதுக்குக் கையை வைத்து, அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிங்கராசாவும் சிரித்தார்.

துசாந்தினி மாத்திரம் உண்மையாக எண்ணுவாள். இலுப்பைக்கடவையிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருபவள். வயது முப்பத்து நான்கு. கணவன் வவுனியாவில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அண்ணன் அனோஜனின் வீட்டில், வைக்கோலும் உரப்பையும் அடுக்கிய அறையில் படுக்கிறாள். எல்லோரும் கைகழுவிய பிறகு மிஞ்சுவதைச் சாப்பிடுகிறாள். மிஞ்சாத நாளில் அண்ணி அதற்காக வருத்தம் தெரிவிப்பதுமில்லை. சைப்பிரஸில் ஒரு கிழவியைப் பார்க்கும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. அதற்கு இந்தச் சான்றிதழ் வேண்டும், வயது முப்பத்தைந்து ஆகியிருக்கக் கூடாது. அது ஆக இன்னும் இரண்டு மாதம்.

ஒருமுறை தவறிவிட்டாள். மூச்சை எண்ணுவதை நோயாளிக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் மனிதன் தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவான். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் எண்ணவேண்டும். வேறொரு நிலையத்தில் நடந்த போன சோதனையில் அவள் மரியாதையாக, "அண்ணை, இப்ப மூச்சை எண்ணப்போறன்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆறு மாதம் காத்திருந்து, இப்போது இரண்டாந்தடவை வந்திருக்கிறாள். மூன்றாந்தடவை என்று ஒன்று அவளுக்கு இல்லை.

சோதனை நாளன்று அவள்தான் முதலில் வந்து யன்னல்களைத் திறந்து, மேசைகளைத் துடைத்தாள். அமிர்தநாயகம் சேர் விடைத்தாளை எடுத்து, நின்ற நிலையிலேயே நான்கு எண்களை எழுதி, உறையிலிட்டு ஒட்டினார். மதிப்பீட்டாளர் வருவதற்கு முன் பயிற்றுநர் நோயாளியைச் சோதித்து எழுதவேண்டிய தாள் அது. நோயாளி அப்போது அந்தத் தெருவுக்கே வந்திருக்கவில்லை.

சிங்கராசா வழமையான நேரத்துக்கு வந்தார், ஆனால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வாசற்படியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, துசாந்தினியிடம் சொன்னார்:

"வாய்வு போலை கிடக்கு பிள்ளை. விடியத் தொடக்கம் நெஞ்சை அடைச்சுக்கொண்டு நிக்குது."

சோடா வாங்கிக் குடிக்கச் சொன்னாள். அதற்குள் சேர் வந்து அவரை உள்ளே அழைத்துப்போனார். இன்றைக்கு எவரோடும் கதைக்கக் கூடாது, கதைத்தால் குறிப்புக் கொடுத்ததாக மதிப்பீடு செய்ய வரும் மேடம் நினைப்பார் என்று எச்சரித்தார். "பொம்மை கதைக்கிறேல்லை, என்ன அண்ணை?" என்று தோளில் தட்டினார். சிங்கராசா தலையாட்டினார்.

கொழும்பிலிருந்து வந்த மேடம் சிங்களம் மட்டுமே பேசினார், சேர்தான் மொழிபெயர்த்தார். பயணத்தில் பிந்திவிட்டதால் அவர் இரண்டு மணிக்கு முன் திரும்பியாக வேண்டும். ஆகவே உடனே தொடங்கினார்கள். முதலாவது பெயர் துசாந்தினியுடையது.

சிங்கராசாவின் கையைத் தொட்டவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மீனைப் போல அது குளிர்ந்து, ஈரமாயிருந்தது. மூன்று விரல்களை மணிக்கட்டில் பதித்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து முழு நிமிடமும் எண்ணினாள். நூற்றுப்பதினாறு. நடுநடுவே ஒன்றை விட்டுவிட்டு ஓடியது. கையை எடுக்காமலேயே நெஞ்சைப் பார்த்தாள், மூச்சு இருபத்தெட்டு. பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த இடத்துக்குச் சிவப்பு திரும்பிவரவில்லை. பட்டியைச் சுற்றிக் காற்றை இறக்கியபோது தொண்ணூறுக்குக் கீழேதான் முதல் ஒலி கேட்டது. இவை நான்கும் ஒன்றாய்ச் சேர்ந்தால் என்ன என்பது கையேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. 'உடனடியாக உதவிக்கு அழைக்கவும்' என்ற வரிக்குக் கீழே அவளே சிவப்பு மையால் கோடிட்டிருந்தாள்.

மேசைமேல் ஒட்டிய உறை கிடந்தது. அதற்குள் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். அந்த எண்களிலிருந்து நான்கு கூடினாலும் குறைந்தாலும் புள்ளி இல்லை. உதவிக்கு அழைத்தால் சோதனை நின்றுபோகும். நின்ற சோதனை மறுபடி எப்போது நடக்கும் என்பதைக் கொழும்பு தீர்மானிக்கும். அதற்குள் அவளுக்கு முப்பத்தைந்து ஆகிவிடும்.

பெருவிரலால் நாடி பார்க்கக்கூடாது, அதில் பார்ப்பவரின் நாடியே அடிக்கும் என்பது முதல்நாள் பாடம். துசாந்தினி மூன்று விரல்களையும் எடுத்துவிட்டுத் தன் பெருவிரலை அவர் மணிக்கட்டில் வைத்தாள். தெரிந்தே வைத்தாள். இப்போது அங்கே ஓடுவது தன் பயம்தான் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டு ஐம்பத்து நான்கு என்று எழுதினாள். மற்ற மூன்று எண்களையும் எழுதினாள். அழகான கையெழுத்து, மேடம் தாளைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

அடுத்து வந்த அன்ரோனெற்றும் றிம்ஷாவும் எண்ணவேயில்லை. விரலைச் சும்மா வைத்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்து, உதடுகளை மட்டும் அசைத்தார்கள். கை குளிர்ந்திருப்பதை உணராமல் இருந்திருக்க முடியாது. இருவரும் தங்கள் விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார்கள்.

நான்காவது டினோஜா. பேசாலைப் பிள்ளை, பத்தொன்பது வயது, வகுப்பிலேயே கெட்டிக்காரத்தனம் மிகக் குறைந்தவள். நான்கு எண்களை ஒழுங்காக மனப்பாடம் செய்யவும் அவளால் முடிந்ததில்லை. ஆகவே அவள் எண்ணவேண்டியிருந்தது. எண்ணினாள், நிறுத்தி மறுபடியும் எண்ணினாள், பிறகு கையை விடாமலே நிமிர்ந்தாள்.

"சேர், இவருக்குச் சரியில்லை. நூற்றிருபதுக்கு மேலை அடிக்குது. கையெல்லாம் விறைச்சுப்போச்சு."

"உமக்கு எப்பவாவது எண்ண வந்திருக்கே?" என்றார் சேர். "நீர் உம்மடை நாடியை எண்ணுறீர், பிள்ளை."

வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். துசாந்தினியும் சிரித்தாள். சேர் மேடத்திடம் சொன்னதில் அவளுக்கு விளங்கிய அளவுக்கு, இந்தப் பெண் பயந்தவள், படிப்பில் மந்தம் என்றிருந்தது. மேடம் மோசமானவரல்ல. முடிந்த மூன்று தாள்களையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். மூன்றிலும் ஐம்பத்து நான்கு. ஆனாலும் திருப்தியில்லாமல், எல்லோரிலும் திறமையானவரை இன்னொருமுறை பார்க்கச் சொல்லும்படி கேட்டார். சேர் துசாந்தினியைக் கைகாட்டினார்.

அவள் எழுந்து போனாள். டினோஜா விலகி நின்றாள். சிங்கராசாவின் மேலுதட்டில் வியர்வை கோத்திருந்தது, உதடு சாம்பல் பூத்திருந்தது. இப்போது நாடி நூலிழையாகிவிட்டது, எண்ண முடியவில்லை. அவள் மணிக்கூட்டின் செக்கன் முள் ஒரு சுற்று முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதைக்கக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்த மனிதர் அப்போது கதைத்தார்.

"தண்ணி கொஞ்சம் தா பிள்ளை."

"இன்னும் மூண்டு பேர்தான் அண்ணை, முடியட்டும்" என்றார் சேர்.

துசாந்தினி நிமிர்ந்தாள். அதே எண்ணைத் திரும்பச் சொல்வது புத்தியல்ல என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. உயிருள்ள எந்த மனிதனுக்கும் இரண்டு தடவை அச்சொட்டாக ஒரே கணக்கு வராது. மேடத்துக்கும் அது தெரியும்.

"ஐம்பத்தாறு" என்றாள்.

சேர் மொழிபெயர்த்ததும் மேடத்தின் முகம் தெளிந்தது. டினோஜாவின் தாளில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

ஆறாவது பெண் பட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கையில் சிங்கராசா ஒரு பக்கமாகச் சரிந்தார். பட்டியைப் பிடித்திருந்ததால் அவள் அவரைத் தாங்கிப்பிடிக்கிறாள் போலத் தோன்றியது. உண்மையில் பட்டிதான் அவரைப் பிடித்திருந்தது. அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் அரைமணித்தியாலத்தில் அவர் முடிந்துபோனார். மேடம் தன் வாகனத்தில் ஏறியிருந்து, மடியில் வைத்து ஆறு தாள்களில் ஒப்பமிட்டார். சோதனை முடிக்காத இரண்டு பேருக்கும் இரக்கப்பட்டுச் சராசரிப் புள்ளி கொடுத்தார். டினோஜா மட்டும் தவறினாள்.

மறுநாள் பின்னேரம் தாழ்வுபாட்டில் அடக்கம். தறப்பாள் கட்டிய முற்றத்தில் வாடகைக் கதிரைகள் போட்டிருந்தார்கள். சான்றிதழ் இன்னும் கைக்கு வராத நிலையில் போகாமலிருப்பது சரியாகாது என்று துசாந்தினி வந்திருந்தாள். இரண்டு வரிசை தள்ளி அமிர்தநாயகம் சேர் இருந்தார். காலையிலேயே இதயம் அடைக்கத் தொடங்கியிருக்கவேண்டும், இரண்டு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னதை, சிங்கராசாவின் மனைவி மார்த்தா வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறு படித்த பிள்ளைகள் கையைப் பிடித்துப் பார்த்தும் எப்படித் தெரியாமல் போகும் என்று சனம் கேட்டது. அப்போதுதான், யார் தொடங்கியதென்றில்லாமல், வேறொரு கதை கதிரைகளுக்கிடையில் நடமாடத் தொடங்கிற்று. அந்தப் பேசாலைப் பெட்டை மனிசன்ரை முகத்துக்கு நேரே சரியில்லை, விறைச்சுப்போச்சு என்று சொல்லியிருக்கிறாள். எந்த மனிசனுக்கு நெஞ்சு பதறாது?

டினோஜா வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. வெள்ளை உடுப்போடு தனியாக வந்து, பெட்டியின் கால்மாட்டில் நின்று சிலுவை அடையாளம் இட்டாள். மார்த்தா அவளைப் பார்க்கவில்லை. துசாந்தினியை அருகில் அழைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே பிள்ளை முதல் கைபிடிச்சனீ. ரெண்டாந்தரமும் நீதான். ஆண்டவருக்குப் பயந்து சொல்லு, அந்த நேரம் எப்பிடி இருந்தவர்?"

செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். சேர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்தவர், மார்த்தா அக்கா. ஐம்பத்து நாலு, வழமை போலை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கு மேல் அவளிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

"இவ சத்தம் போட்ட பிறகுதான் முகம் மாறினவர்."

மார்த்தா ஓலமிடவில்லை. அவ்வளவு நேரமும் தேடிக்கொண்டிருந்த ஒன்று அகப்பட்டதுபோல, துசாந்தினியின் கையைத் தன் கன்னத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டாள். பிறகு டினோஜாவின் பக்கம் திரும்பி, "வெளிக்கிடு" என்றாள். இரண்டு பெண்கள் எழுந்து டினோஜாவை முழங்கையில் பிடித்தார்கள். அவள் திமிறவில்லை. கதிரை வரிசைகளுக்கு நடுவே அவளைக் கூட்டிவருகையில், தன் இடத்துக்குத் திரும்பி அமர்ந்திருந்த துசாந்தினியின் முன்னால் ஒரு கணம் நின்றாள். அவள் முகத்தில் கோபம் இருக்கவில்லை. தனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ என்ற சந்தேகம் அதற்குள் அவளுக்கே வந்துவிட்டிருந்தது.

"அக்கா, நீங்கள் வடிவா எண்ணினனீங்கள்தானே?"

"ஓம்" என்றாள் துசாந்தினி. கதிரைகளின் இடைவெளி குறுகலாயிருந்ததால், அவர்கள் மூவரும் போவதற்கு வழிவிட்டுத் தன் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.