தொட்டுப் பார்க்காத டாக்டர்

கார்த்தகேனா நகரத்து அரசுப் பள்ளி ஒன்றின் சமையலறையில் நூபியா அரேப்பா என்னும் சோள ரொட்டிகளைக் கல்லில் புரட்டிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் எவாரிஸ்தோ வாசலோடு நின்றுவிட்டார்.

"நூபியா, நாளையிலேர்ந்து வராதீங்க. உங்க கையப் பாத்துட்டுப் பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க."

"பதினோரு வருஷமா இந்தக் கையாலதானே சார் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டேன்?"

"டாக்டரே ஒட்டுற சொறின்னு எழுதியிருக்காரே, நான் என்ன பண்ண?"

அந்த டாக்டர் அவள் கையைத் தொட்டதே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர். அவர் சொன்ன மருந்தை ஆறு மாதம் தடவியதில் செதில் செதிலாக இருந்த திட்டுகள் வெடித்து ரத்தம் கசிந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள். சொந்தத் தங்கையே அவளுக்குத் தனித் தம்ளர் எடுத்து வைத்தாள்.

வேலை போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே தோல் பரிசோதனை செய்யும் யாதிரா, துளித் தோலை எடுத்து ஆராய்ந்து, மூன்றாம் நாள் நூபியாவையே நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள்.

"புள்ளி புள்ளியாத் தெரியுதா? உங்க உடம்போட காவல் அணுக்கள்தான். கிருமின்னு நெனச்சு உங்க தோலையே தாக்குது. ஒவ்வொரு தோல் நோய்லயும் வேற வேற அணு வந்து கூடும். எது கூடியிருக்குன்னு பாத்துத்தான் நோயப் பிரிப்போம், மருந்தும் அதுக்கேத்தபடிதான். உங்களது சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது."

"அப்ப அந்த ஆறு மாச மருந்து?"

"வேற நோய்க்கானது. புண்ண இன்னும் கெளறிவிட்டிருக்கு."

நூபியா அழவில்லை. பரிசோதனை முடிவுத் தாளை மடித்துக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போனாள். பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எவாரிஸ்தோ தாளை இரண்டு முறை படித்தார். முகம் சிவந்தது.

"தப்புப் பண்ணிட்டேன், நூபியா. திங்கக்கிழமை வந்துடுங்க," என்றார் தணிந்த குரலில்.

"வெரட்டினது ஊருக்கே கேட்டுச்சு, சார். இதையும் சத்தமாச் சொல்லுங்க."

அவர் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருத்தி, "எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்தாள்.

நூபியா அவள் பக்கம் திரும்பினாள். "தெரியலன்னா கேக்கணும், விசாரிக்கணும்மா. என்ன நோய்னே தெரியாம ஒருத்திய ஒதுக்கி வெக்கிறதும், தொட்டுக்கூடப் பாக்காம ஒரு டாக்டர் சீட்டு எழுதறதும் அநியாயம். என் தோலுக்கு மருந்து இருக்கு. நீங்க பண்ணினத நீங்கதான் திருத்திக்கணும்!"