பாலன்குடிலுக்கு மேலே ஒரு சகடை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கதைவிட்டான் என்று குறை சொல்லக்கூடாது. இந்தக் கதை ஒரு பெட்டி மூடியிலிருந்து வந்தது. ஊர்காவற்றுறையில் ஒரு வீட்டுக் குசினியில், பூனை வாய் வைக்காமல் இருக்கக் கருவாட்டுச் சட்டிக்கு மேல் அந்த மூடியை வைத்து, அதன்மேல் ஒரு கல்லும் வைத்திருந்தார்கள். மூடியில் குண்டு போடுகிற நாலு எஞ்சின் பொம்மர் ஒன்று எரிகிற நகரத்துக்கு மேலாகப் பறந்துகொண்டிருந்தது. "இதென்னம்மா?" என்று கேட்டேன். "மகன் லண்டனிலயிருந்து அனுப்பின பிளேன் வந்த பெட்டி," என்றார் வீட்டுக்கார அம்மா. "பிளேன் எங்கே?" என்றேன். அவர் எழும்பிப்போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பெயர்களும் நானே வைத்தவை: அல்போன்சம்மா, அவருடைய மனிசன் அம்புறோஸ்.

2.

தொடக்கம் ஒன்று: "அம்புறோஸ் விமானங்களை வெறுத்தார்."

(வெட்டியாயிற்று. தீவுப்பகுதியில் இது ஒரு செய்தியா?)

தொடக்கம் இரண்டு: "2005ஆம் ஆண்டு, சமாதானம் சாகக் கிடந்த நாட்களில், நேவி பிரித்துப் பார்த்து ஒட்டிய ஒரு பார்சல் அம்புறோசின்…"

(இதுவும் சரிவரவில்லை. பார்சலைப் பிரிக்கத் தொடங்கினால் வாசகர் உள்ளே என்ன என்று பார்ப்பாரே தவிர, பிரிக்கிற மனிசனைப் பார்க்கமாட்டார்.)

தொடக்கம் மூன்று, இது நிற்கட்டும்: அம்புறோசுக்கு றொஷானி என்றொரு மகள் இருந்தாள், ஒன்பது வயது. தொண்ணூறாம் ஆண்டு வீட்டு முற்றத்தில் குண்டு விழுந்தபோது அவளை வெளியே அனுப்பியிருந்தவர் அவர்தான்.

அன்று வந்தது சகடை. சாமான் ஏற்றுகிற இரண்டு எஞ்சின் விமானத்துக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அது. குண்டு போடுவதற்கென்று செய்த விமானம் அல்ல. பக்கக் கதவைத் திறந்து, வெடிமருந்து அடைத்த பீப்பாவை ஆட்கள் கையாலேயே தள்ளிவிடுவார்கள். ஒரு சுற்றுச் சுற்றிப்போட்டு இரண்டாம் சுற்றில்தான் தள்ளுவார்கள் என்பது எல்லாருக்கும் பாடம். முதல் சுற்றில் அம்புறோஸ் வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் நின்று, இரண்டு வயது மகன் றொஜனை அல்போன்சம்மாவின் கையிலிருந்து வாங்கி இறக்கிக்கொண்டிருந்தார். அப்போது கத்தினார்: "பிள்ளை, கொடியில கிடக்கிற வெள்ளைச் சீலையை எடுத்து முற்றத்தில விரி! சனம் இருக்குதெண்டு பாப்பான்!"

வெள்ளையைக் கண்டால் விட்டுவிடுவான் என்று அந்தக் காலம் ஊரே நம்பியது. பிள்ளை ஓடிப்போய் வடிவாக, மூலைக்கு மூலை இழுத்து விரித்தது. பிறகு அந்தச் சீலையில்தான் பிள்ளையைச் சுற்றி எடுத்தார்கள்.

மேலே இருந்தவன் பார்த்தானா, இல்லையா? அம்புறோசுக்கு இந்தப் பதினாறு வருடமும் உலகத்தில் கேள்வி என்று இருந்தது இது ஒன்றுதான்.

3.

இப்போது எனக்குச் சந்தேகம் றொஜன்மேல். அக்காவைக் குண்டு கொன்ற வீட்டுக்கு ஒரு பிள்ளை பொம்மரை வாங்கி அனுப்புவானா? அவனுக்கு மூளையில்லையா? அனுப்பியதைக் கப்பலாக மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கப்பல் என்றால் அம்புறோஸ் அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். அதனால் றொஜனை அப்படியே விடுகிறேன். இரண்டு வயதில் பங்கருக்குள் இருந்தவனுக்குச் சகடை ஞாபகமில்லை, சீலைக் கதையை யாரும் அவனுக்குச் சொல்லவுமில்லை. சின்னவயதில் அப்பா முருக்கங் கட்டையில் வள்ளம் செதுக்கித் தந்தது மட்டும் ஞாபகம். கடையில் கண்ட பெட்டிகளில் ஆகப் பெரியதை வாங்கினான். இரண்டாம் உலகயுத்தத்து லங்காஸ்ரர் பொம்மர், துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற பிளாஸ்ரிக் மாதிரி.

"உதை வீட்டுக்குள்ள வைக்கவேண்டாம்," என்றார் அல்போன்சம்மா.

"பிள்ளை ஆசையா அனுப்பினது."

"பிள்ளைக்குத் தெரியாது. உங்களுக்குமோ தெரியாது?"

அம்புறோஸ் அதைக் கடற்கரையில் இருந்த தன் வாடிக்கொட்டிலுக்குக் கொண்டுபோனார். பைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைப்பது அவருடைய தொழில். பெட்டியோடு வந்த பசைக்குழாய் காய்ந்து கிடந்தது. வேறு பசை தேடுவானேன், கையில் பைபர் பசை இருக்கிறதே, கடலையே தாங்குகிற சாமான் என்று விமானத்தின் இரண்டு செட்டைக்கும் பூசி ஒட்டிவைத்தார். வள்ளத்துக்கு ஆகிற பசை அந்தப் பிளாஸ்ரிக்குக்கு ஆகாது. விடியப் பார்த்தால் செட்டைகளின் நுனி இளகி வழிந்து, வெளி எஞ்சின்கள் இரண்டும் கூழாகிப்போயிருந்தன.

கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு எஞ்சின். மகன் அனுப்பிய லங்காஸ்ரர் போய் அவர் கையில் சகடை இருந்தது.

4.

அன்றிலிருந்து அவர் அதைத் திருத்தத் தொடங்கினார். (மாதிரி விமானம் செய்கிற பொழுதுபோக்குக்காரர்கள் இதை மேம்படுத்தல் என்பார்கள். அம்புறோசுக்குப் பொழுது போகவேண்டிய தேவை இருக்கவில்லை.) முதுகிலும் வாலிலும் இருந்த துவக்குக் கூடுகளை, துப்பாக்கிக்காரர் இருக்கிற கூண்டுகளை, சுரண்டி எடுத்து, அந்தத் துளைகளை அடைத்து, அரத்தாளால் தேய்த்தார். பக்கத்தில் கதவு வெட்டினார். லங்காஸ்ரரில் குண்டு போடுகிறவன் மூக்குக்குள் குப்புறக் கிடப்பான். அந்தப் பிளாஸ்ரிக் மனிசனைப் பெயர்த்து, முழங்காலில் சூடுகாட்டி வளைத்து, கதவடியில் நிற்கவைத்தார். முகம் கீழே பார்க்கிறமாதிரி வைத்தார். பிறகு நேரே பார்க்கிறமாதிரி. பிறகு கீழே.

றொஜனுக்குப் படம் போயிருந்தது. அவன் லண்டனிலிருந்து போன் எடுத்தான்.

"அப்பா, உதுக்கு நாலு எஞ்சின் எல்லோ?"

"ஓம் ராசா."

"ரண்டை ஏன் கழட்டினனீங்கள்?"

"எங்கட இதுக்கு ரண்டுதான்." பிறகு கேட்டார்: "தம்பி, இது மெய்யான பிளேனில என்ன பங்கு?"

"எழுபத்திரண்டில ஒரு பங்கு, அப்பா. ஏனப்பா? அப்பா?"

2006 நத்தாருக்கு, கிறிஸ்மசுக்கு, அம்புறோஸ் முற்றத்தில் பாலன்குடில் கட்டினார். எல்லா வேதக்கார வீட்டிலும் கட்டுவதுதான். மற்ற வீடுகளில் பெத்தலேகம் இருந்தது, இங்கே அதே எழுபத்திரண்டில் ஒரு பங்காக இவருடைய வளவு இருந்தது: கிணறு, வேலி, குசினி, பங்கர். வால் துவக்குக்காரனைச் செதுக்கிச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை ஆக்கியிருந்தார். அவளுக்கு முன்னால் நகத்தளவில் ஒரு வெள்ளைத் துண்டு. அல்போன்சம்மா பாலன் சொரூபத்தைக் கொண்டுவந்து வைக்கக் குனிந்தார். வைக்க இடமில்லை. பாலனை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

5.

கோயிலில் நட்சத்திரம் கட்டுகிற நீள ஏணியை இரவல் வாங்கி, தென்னையில் சாத்தி, சகடையோடு அம்புறோஸ் ஏறினார். பின்னேரம், நல்ல வெளிச்சம். வெட்டிய கதவுக்குள்ளால் கண்ணை வைத்துக் கீழே பார்த்தார்.

கீழ்ப்படிகளில் பிள்ளையும் தெரிந்தாள், சீலையும் தெரிந்தது. நடுவில் ஏற ஏறப் பிள்ளை மறைந்து சீலை மட்டும் தெரிந்தது. உச்சியில் ஒன்றுமில்லை, மண்தான்.

அப்படியானால் எந்தப் படி? அன்று சகடை வந்த உயரம் யாருக்குத் தெரியும்? ஊரில் விசாரித்திருந்தார். ஒருவர் தென்னை வட்டோடு உரசுகிறமாதிரி வந்தது என்றார், இன்னொருவர் பருந்தளவுதான் தெரிந்தது என்றார். அவரோ பங்கருக்குள் நின்றவர். பங்கர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது ஒரே ஒரு ஆள்.

"இஞ்சேரும்," என்றார் மேலிருந்து மனிசியைப் பார்த்து. "நீர்தானே பாத்தனீர். நான் படிபடியா நிக்கிறன். அண்டைக்குச் சகடை தெரிஞ்ச அளவு வந்தோடன சொல்லும்."

"இறங்குங்கோ."

"ஒரு சொல்லுத்தானே கேக்கிறன். இந்த உயரமோ?"

ஒரு படி ஏறினார். "இதோ?" ஏணி ஆடியது. அல்போன்சம்மா பாலனை நிலத்தில் வைத்துவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தார்.

"பதினாறு வரியமா நான் இதை வாய்க்குள்ள வைச்சிருக்கிறன்," என்றார். "எனக்கு நல்லாத் தெரியும். சொல்லமாட்டன். எந்தப் படியைச் சொன்னாலும் நீங்கள் அதிலயிருந்து இறங்கமாட்டியள்."

6.

மூன்று முடிவுகள் எழுதினேன்.

கீழ்ப்படி: அவன் பார்த்தான். ஒரு சின்னப்பிள்ளை சீலை விரிப்பதைப் பார்த்துக்கொண்டே தள்ளினான். இதை எழுதினால் இனி எந்த மனிசன் முகத்தையும் அம்புறோஸ் பார்க்கமாட்டார்.

உச்சிப்படி: அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பங்கருக்குள் இறங்கியிருக்கவேண்டிய பிள்ளை அவர் சொல்லைக் கேட்டுச் சும்மா செத்துப்போனது.

நடுப்படி: சீலை மட்டும் தெரிந்தது. வெறும் மண்ணில் அது ஒன்றுதான் அவன் கண்ணில் பட்டது, பட்ட இடத்தில்… (இந்த வசனத்தை முடிக்க என்னால் ஏலாது. முயற்சிசெய்தேன்.)

நாலாவது முடிவு ஒன்று இருக்குமென்று தேடினேன். அல்போன்சம்மா பொய் சொல்வதாக வைக்கலாமென்றால், எந்தப் பொய்? மூன்று படியில் எதிலும் அம்புறோசை இருத்தமுடியாது. இரக்கமாக ஒரு பொய்கூட மிச்சமில்லாத இடத்துக்கு இந்த மனிசரைக் கொண்டுவந்து விட்டுவிட்டேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனவே நான் நிறுத்துகிறேன். நிறுத்தினால் நானும் நீங்களும் எழும்பிப் போகலாம், அவர் ஏணியில்தான் நிற்பார். வயது போன மனிசன், பழைய ஏணி. உங்களுக்குப் பொறுக்காவிட்டால் ஒரு படியைச் சொல்லுங்கள், உங்கள் விருப்பம். ஆனால் என் காதில் சொல்லவேண்டாம். அண்ணாந்து, அவருக்குக் கேட்கிறமாதிரிச் சொல்லுங்கள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அல்போன்சம்மா நிற்கிறார், நீங்கள் சொல்வது சரியா பிழையா என்று அவருக்குத் தெரியும்.