தாழ்ப்பாளில் கை வைத்தவரின் முகம்

அந்த நடிகரின் முகத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஏறிய சந்தோஷம் இன்றுவரை இறங்கவில்லை. ஏற்றிவிட்டவர் ஒரு புது டைரக்டர். முதல் படம், வயது இருபத்தொன்பது.

நடிகர் நாடக மேடையில் முப்பது வருடம் நின்றவர். கேமரா மூக்குக்கு முன்னால் இருந்தாலும் அவர் என்னவோ கடைசி வரிசைக்குத்தான் நடித்தார். காட்சி இவ்வளவுதான்: ஓடிப்போன மகன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான், தகப்பன் எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறார். பதினேழு டேக் ஆயிற்று. ஒவ்வொன்றிலும் புருவம் நெற்றியில் ஏறி உட்கார்ந்தது. "கொஞ்சம் கம்மியா பண்ணுங்க ஐயா" என்றால், "கம்மியாத்தானே தம்பி பண்றேன்" என்பார். மதியத்துக்குள் முடியாவிட்டால் காட்சியையே தூக்கிவிடு என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். படமே அந்த ஒரு முகத்தில்தான் நிற்கிறது. டைரக்டருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் மேக்கப் போடும் அக்கா போகிற போக்கில் சொன்னார்: "பாவம், அவரோட பையனும் நிஜமாவே கோவிச்சுட்டுப் போனவன்தான். எட்டு வருஷமாச்சு, ஒரு தகவலும் இல்ல."

ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஒரு பொய் சொல்லி ஒரு ஷாட் எடுத்தால் குடியா முழுகிவிடும்? பதினெட்டாவது டேக்குக்கு முன்னால் டைரக்டர் நடிகரின் காதோரம் குனிந்தார். "ஐயா, உங்க பையன் வந்திருக்கார். அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் நிக்கிறார்." நடிகர் எழுந்தார். அவர் முகத்தில் வந்ததைப் பார்த்துக் கேமராமேன் மூச்சு விட மறந்தார். தாழ்ப்பாளில் கை. கட். எல்லோரும் கைதட்டினார்கள். டைரக்டர் மானிட்டருக்கு ஓடி, எடுத்ததையே நாலு தடவை போட்டுப் பார்த்தார். அதற்குள் நடிகர் கதவைத் திறந்துவிட்டார். பின்னால் ஒரு பலகைச் சுவர் இருந்தது, ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு லைட்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் போய் நடிகரின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அடப்பாவி, அந்தத் தாமதத்தில்தான் எல்லாம் போயிற்று! சாப்பாட்டுக்கு அப்புறம் நடிகர் துணியால் முகத்தைத் துடைத்தார். மேக்கப் அழிந்தது, சந்தோஷம் அழியவில்லை.

தசையில் ஒரு கோளாறும் இல்லை, ரத்த அழுத்தம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். தூக்கத்திலும் அதே முகம். படம் ஓடியது, அந்த முகத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் கோபப்பட முடியாத, அழ முடியாத நடிகருக்கு யார் வேஷம் கொடுப்பார்கள்? ஒரு பற்பசைக் கம்பெனி மட்டும் வந்தது; அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி இறந்த அன்று முகமெல்லாம் மலர்ந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணீர் அந்தச் சிரிப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. "சாவு வீட்டுல இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?" என்று கேட்ட மச்சினன் அதோடு உறவை முறித்துக்கொண்டார். கூட்டத்தில் நின்ற டைரக்டர் தலை நிமிரவில்லை. அதன் பிறகு எந்த நடிகரோடும் நாலடி தள்ளி நின்றே பேசினார். அவருடைய படங்களும் பார்க்கிறவர்களிடமிருந்து நாலடி தள்ளியே நின்றன.

அந்த ஷாட் எடுத்த பத்தொன்பதாம் வருடம் டைரக்டர் நடிகரின் மகனைக் கண்டுபிடித்தார். வேறொரு ஊரில் தையல் மெஷின் ரிப்பேர் கடை, காதோரம் நரை. படத்தை அவன் மூன்று தடவை பார்த்திருந்தான். "அப்பா என்னமா நடிச்சிருக்கார் சார்! என்னை ஒரு நாள்கூட அப்படிப் பார்த்ததில்ல. அதான் நான் வீட்டுக்குத் திரும்பிப் போகல." டைரக்டர் அன்று சொன்ன பொய்யை முதல் முறையாக வாய்விட்டு ஒருவரிடம் ஒப்புக்கொண்டார். மகன் கையிலிருந்த மெஷினை அப்படியே போட்டுவிட்டுக் கடையைப் பூட்டினான்.

இருவரும் போய்க் கதவைத் தட்டினார்கள். திறந்தவர் முகத்தில் சந்தோஷம் தயாராக இருந்தது. மகன் "அப்பா" என்றான். அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கிழவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பையன் அளவா பண்றான் தம்பி. எங்க பிடிச்சீங்க?"

"ஐயோ, நடிப்பு இல்லைங்க ஐயா. சத்தியமா உங்க பையன்தான்."

"போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை.

மகன் திரும்பிப் போகவில்லை. பக்கத்துத் தெருவிலேயே கடை போட்டான். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து தட்டுவான்; அவர் மலர்ந்த முகத்தோடு திறப்பார். "நேத்தைவிட இன்னைக்கு நல்லா இருந்துச்சு, உள்ள வா" என்பார். முதல் மாதம் நான்தான்பா, நான்தான்பா என்று மன்றாடிக்கொண்டிருந்தவன், பிறகு "சரிங்க ஐயா" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் பழகிக்கொண்டான்.