தையலுக்குள் விட்ட துணி

1

இந்தக் கதை என் வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கற்பனை ஊற்று, கனவு என்று ஏதேதோ வாய்க்கிறது. எனக்கு வாய்த்தது ஒரு கட்டி. எலும்பிலிருந்தே முளைத்தது, கோலிக்குண்டு அளவு. மணிக்கட்டில் ஒன்று, விலாவில் இன்னொன்று. எல்லாமே சாதுவான கட்டிகள் என்றார் எலும்பு மருத்துவர். என் சம்பந்தப்பட்ட எதையும் ஒருவர் சாது என்று சொன்னது அதுவே முதல்முறை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: “எலும்புகளின் மௌனத்தில் ஒரு பரம்பரையே—”

[நிறுத்திவிட்டேன். எலும்பு பேசினால்தானே செய்தி?]

2

அப்பாவைக் கேட்டால், எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கட்டி கிடையாது; எல்லாம் விழுந்த வீக்கம். எல்லோரும் விழுந்தவர்கள். அப்பா சைக்கிளிலிருந்து விழுந்தார். அத்தை மாடிப்படியில். நான் பந்து விளையாடும்போது. எனக்கு விழுந்த ஞாபகமே இல்லையே என்றால், “விழுந்தவனுக்கு எப்பிடிடா ஞாபகம் இருக்கும்?” என்பார் அப்பா. இந்த வாதத்தில் இன்றுவரை எனக்கு ஓட்டை கிடைக்கவில்லை.

எலும்பு மருத்துவருக்குக் கிடைத்தது. என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “உங்க வீட்டுல யாருமே நேரா நிக்க மாட்டீங்களா?” என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். இது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிள்ளை வளரும்வரை கட்டியும் வளரும். பிள்ளையின் வளர்த்தி நின்றால் அதுவும் நின்றுவிடும். நின்றது மறுபடி வளர ஆரம்பித்தால் மட்டும் உடனே வர வேண்டும். அபூர்வமாக* அப்படி ஒன்று புற்றாக மாறுவதுண்டு.

* மருத்துவர் வாயிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்கு அதன் எடை தெரியும். மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

3

அப்பா தையல்காரர். கதாபாத்திரமாக அவர் எனக்கே நம்பும்படி இல்லை. தெருவுக்கே அளவெடுக்கிற மனிதர் தன் முதுகுக்கு மட்டும் கண்ணாடி காட்ட மாட்டார் என்று எழுதினால், ‘செயற்கை’ என்று விமர்சகர் கிழிப்பார். கிழிக்கட்டும். அப்பா தைத்துக் கொடுப்பார்.

அவருடைய வலது தோள்பட்டை எலும்பில் ஒரு கட்டி உண்டு. சைக்கிள் உபயம். ஒருநாள் கொடியில் காய்ந்த அவர் சட்டையை எடுத்தபோது பார்த்தேன்: வலது பக்கத் தையல்* பிரித்து, தளர்த்தி, மறுபடி தைக்கப்பட்டிருந்தது. அருகிலேயே பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாக. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. இடது பக்கம் தைத்தது தைத்தபடி இருந்தது.

“சட்டை சுருங்கிடுச்சுடா.”

“ஒரு பக்கம் மட்டுமாப்பா?”

“அந்தப் பக்கம்தான் வெயில் பட்டுது.”

“ஸ்கேன் ஒண்ணு எடுத்துப் பாத்துடலாம்.”

“சைக்கிள்லேருந்து விழுந்ததுக்கெல்லாம் ஸ்கேனா? போடா.”

* முதலில் ‘முதுகுத் தையல்’ என்று எழுதியிருந்தேன். திருத்தியவர் யார் என்பது அடுத்த பகுதியில்.

4

வாயால் சொல்லி முடியாததைக் கோழைகள் எழுதுவார்கள். நானும் எழுதினேன், இரண்டு முடிவுகளோடு. முடிவு அ: ஸ்கேனில் ஒன்றுமில்லை, அப்பா வெற்றிச் சிரிப்போடு வீடு திரும்புகிறார், ஆயுள் முழுக்க என்னைக் கேலி செய்கிறார். முடிவு ஆ:

[எழுதத்தான் செய்தேன். இங்கே தரப்போவதில்லை.]

தாள்களை அவருடைய வெட்டு மேசையில், கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ரெண்டாவது முடிவுல என்னைக் கொன்னுட்டியா?”

“கதையிலதாம்பா.”

“எத்தனை பேர் படிப்பாங்க?”

“ஒரு முப்பது பேர்.”

“முப்பது பேருக்காகவாடா பெத்த அப்பனைக் கொல்லுவ?” தாளைப் புரட்டினார். “முதுகுத் தையலாம். சட்டைக்கு முதுகு நடுவுல ஏதுடா தையல்? பக்கத் தையல்னு மாத்து.”

மாற்றினேன். அவர் மிஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார்.

“உன் முழங்காலுக்கு நான்தான் காரணம்னு எழுதிருக்க.”

“பரம்பரைன்னுதாம்பா எழுதினேன்.”

“ரெண்டும் ஒண்ணுதானே? நான் விழுந்தேன்னே இருந்துட்டுப் போகட்டும். உனக்கு நான் குடுத்தேன்னு இருக்க வேணாம்.”

சைக்கிள் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த இடத்தில் ஒரு உருக்கமான வாக்கியம் வர வேண்டும். அன்புதான் மனிதனின் மிகப் பெரிய—

[வேண்டாம்.]

“உங்க மூக்கும்தாம்பா எனக்கு வந்திருக்கு. அதுக்கு நான் கேஸா போட்டேன்?”

“மூக்குக்கு என்னடா குறைச்சல்?”

“கண்ணாடி பாருங்க.”

சிரித்துவிட்டார். பிறகு கத்தரிக்கோலைத் துடைத்து மேசை டிராயருக்குள் வைத்தார்.

“எப்பப் போகணும்?”

5

இப்போது ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலியில் இருந்து எழுதுகிறேன். உள்ளே போகுமுன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்து, “கசக்காம வச்சிரு” என்றார். கட்டியை மூடியிருக்கும் குருத்தெலும்பு எவ்வளவு தடித்திருக்கிறது, அதாவது அது இன்னும் சாதுதானா என்பதை உள்ளே ஒரு இயந்திரம் அளந்துகொண்டிருக்கிறது. அவரை இன்னொருவர் அளவெடுப்பது இதுதான் முதல்முறையாக இருக்க வேண்டும். “மூச்சைப் பிடிச்சுக்குங்க” என்று உள்ளிருந்து குரல் வருகிறது. அவரிடம்தான் சொன்னார்கள். நானும் பிடித்துக்கொண்டேன்.

சட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கத் தையலுக்குள் இன்னும் ஒரு விரல் அகலத்துக்குத் துணியை விட்டு மடித்துத் தைத்திருக்கிறார். தளர்த்துவதானால் அதில் இடம் இருக்கிறது. கட்டியை எடுத்துவிட்டுத் தளர்வே தேவையில்லை என்றாகிவிட்டால், பழைய ஊசித்துளைகளின் மேலேயே பிடித்துத் தைத்துவிடலாம்.

கதவு இன்னும் திறக்கவில்லை. சட்டையையும் முடிவையும், படிக்கிற முப்பது பேரான உங்களிடம் தருகிறேன். தயவுசெய்து பிடித்துத் தையுங்கள். கசக்காமல்.