டீவியேட்டுக்கு வந்த ஒற்றைச் சீட்டு

அகராதி அலுவலகத்தில் அக்காவுக்குப் பதினோரு வருஷம், தங்கச்சிக்குப் பதினோரு மாசம். ஆனால் வந்ததும் வராததுமாக எல்லாரையும் கைக்குள் போட்டுக்கொண்டாள் மகராசி! அவள் வாக்கியத்தை வாசித்தால் ஆசிரியரே சிரிக்கிறார். எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவதால் கத்தரிக்கோல் என்று பெயரெடுத்தவர், அவரே சிரித்தால் அக்காவுக்கு வயிறு எரியாதா?

அங்கே ஒரு முறை உண்டு. ஒரே சொல்லுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பொருளும் உதாரணமும் எழுதி, பெயர் போடாமல் பெட்டியில் போட வேண்டும். நல்ல சீட்டு அச்சுக்குப் போகும். இதுவரை அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கு இருபது சொல் ஜெயித்திருந்தார்கள். இன்றைக்கு ஜெயிப்பவருக்குத்தான் பிரிவுத் தலைவர் பதவி. சொல், 'டீவியேட்' என்ற ஆங்கில வார்த்தை.

அக்கா மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். 'குறித்த பாதையிலிருந்தோ திட்டத்திலிருந்தோ விலகுதல். வழி தெரியாமல் தொலைவது வேறு, இது வேறு.' பொருள் கச்சிதம். உதாரணம்தான் சப்பென்று இருந்தது: 'புயலால் கப்பல் பாதையிலிருந்து டீவியேட் ஆனது.'

எல்லாரும் டீ குடிக்கப் போனபோது பெட்டியைத் திறந்து தங்கச்சியின் சீட்டை உருவினாள். பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு படித்தாள். 'அண்ணன் திட்டத்திலிருந்து டீவியேட் ஆகவே மாட்டான்; தூங்கப் போகிறேன் என்றால் தூங்கியே தீருவான்.'

பாவி! அவளுக்கே குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு அப்படியே எரிச்சலாக மாறியது. சீட்டைக் கைப்பைக்குள் திணித்தாள்.

பெட்டியைத் திறந்த கத்தரிக்கோல் புருவத்தைச் சுருக்கினார். "ஒண்ணுதானே இருக்கு? யார் எழுதல?"

தங்கச்சி அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"நான்தான் சார். மறந்துட்டேன்."

"இவ்வளவு முக்கியமான நாள்லயா? சரி, உங்க அக்காவோடதுதான் அச்சுக்கு. நாற்காலியும் அவங்களுக்குத்தான்."

கை தட்டினார்கள். தங்கச்சியும் தட்டினாள். மற்றவர்கள் கலைந்த பிறகு அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ பெட்டிகிட்ட போனதைப் பாத்தேன்க்கா."

அக்கா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. படிச்சதும் சிரிச்சியா?"

பொய் சொல்லத்தான் அக்கா நினைத்தாள். முடியவில்லை.

"சிரிச்சேன்டி."

"அப்பாடா!" என்றாள் தங்கச்சி. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். புதுப் பிரிவுத் தலைவரான அக்காவுக்கு அதைப் பார்த்தும் பொறாமையாகத்தான் இருந்தது.