ஒற்றைக் கோட்டால் அடிக்கவும்

1
இந்தக் கதை எனக்குத் தேநீர்ப் பலகாரமான ஒரு கறிபாப்போடு கிடைத்தது. பினாங்கு ஜார்ஜ் டவுன் ஓட்டல் ஒன்றில் மனநலத் தாதியருக்கு, நோயாளி பற்றி நல்ல குறிப்பு எழுதுவது எப்படி என்று ஒரு பட்டறை. எழுத்தாளன் என்றால் எழுதத் தெரியும் என்று நம்பி என்னையும் பேச அழைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர், தாதியின் குறிப்பு ஒரு புனித நூல் என்றார். (வருகையேட்டில் அவர் கையெழுத்தை உதவியாளர்தான் போட்டார்.)

அங்கே ஒரு விதி தெரிந்துகொண்டேன். குறிப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோட்டால் அடித்து, அடித்தது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். இந்தக் கதைக்கும் அதே விதி. அடித்தவை பகர அடைப்புக்குள் இருக்கின்றன.

2
[பினாங்குப் பாலத்தின் மீது சோகமாய் மாலை கவிந்தது.] அடித்தாயிற்று. பாலத்துக்குச் சோகம் கிடையாது, நெரிசல்தான்.

தேநீர் வேளையில் ரோசலின் என்ற தாதி சொன்னது இது. அவருடைய வார்டில் வள்ளியம்மா. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊர்க்காரர், உயிரை விடப் பார்த்துக் காப்பாற்றப்பட்டவர். மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. மகன் தனேஷுக்குப் பக்கத்து ஊரான ஜுருவில் தொழிற்சாலை வேலை. அம்மாவை அழைத்துப்போகக் கெஞ்சித்தான் லீவு வாங்கியிருந்தான். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போனதில், இனியும் தள்ளினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்தவன்.

அன்று பிற்பகல் வள்ளியம்மா தன் சீப்பைப் பக்கத்துக் கட்டில் ஷாஹிராவுக்குக் கொடுத்தார். பிறகு தைலம். பிறகு காலில் கிடந்த சிலிப்பர்.

[அவர் முகத்தில் அமானுஷ்யமான ஓர் அமைதி.] அடித்தது. ரோசலின் பார்த்தது ஒரு சிரிப்பை. அமானுஷ்யம் என் சரக்கு.

வீட்டுக்குப் போகிறவர்களும் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரேயடியாகப் போக முடிவெடுத்தவர்களும் அப்படித்தான்.

ரோசலின் நேரடியாகவே கேட்டிருக்கிறார்.

"ஏங்க்கா எல்லாத்தையும் குடுக்கறீங்க?"

"வீட்டுல புதுசு இருக்கு மிஸ்ஸி. இதையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்காதீங்கலா. எழுதுனா என்னை விடமாட்டாங்க."

3
ஷிஃப்ட் முடியும் நேரம். முந்தைய ஷிஃப்ட்டின் குறிப்பு: 'அமைதியாக இருக்கிறார். புகார் இல்லை.' அதற்கு முந்தையதும் அதே. குறிப்பில் வார்டு முழுக்க அமைதி. நாலு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருத்தர் பார்த்தால் அமைதி தானாக வந்துவிடும்.

டாக்டரிடம் வாயால் சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் கேட்கும் முதல் கேள்வி, எழுதியாச்சா என்பதுதானாம்.

எழுதினால் வள்ளியம்மாவை நிறுத்திவைப்பார்கள். தனேஷ் திரும்ப வருவானோ என்னவோ. எழுதாவிட்டால் [பிறையில் ஒரு வீட்டில், கதவை உடைத்து] இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

4
முடிவு ஒன்று: எழுதினார். மகன் வரவில்லை. வள்ளியம்மா இன்னும் வார்டில், அமைதியாக.
முடிவு இரண்டு: எழுதவில்லை. வள்ளியம்மா வீட்டில் புதுச் சீப்பால் தலை வாருகிறார்.
மூன்றாவதை எழுதமாட்டேன். எழுதினால், அடித்தாலும் தெரியும்.

என்ன எழுதினீர்கள் என்று ரோசலினைக் கேட்டேன்.

"நீங்க எழுத்தாளருதானே சார். என் எடத்துல நீங்க என்னா எழுதுவீங்க?"

நல்லவேளை, மைக்கில் என் பெயரைச் சொன்னார்கள். எழுத்தின் மகத்துவம் பற்றி அரைமணி நேரம் முழங்கிவிட்டு இறங்கிப் பார்த்தால், ரோசலின் வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

ஆகவே பேனா இனி உங்களிடம். கட்டிலில் வள்ளியம்மா வெறுங்காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நீங்கள் எழுதுகிறீர்களா என்று பார்த்தபடி இருக்கிறார். சிரிக்கிறார். மனம் மாறினால் ஒற்றைக் கோடு போதும். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.